அக்கா பரப்பிய கரும்புச் சோகை

எங்கள் அக்கா மண்ணாடிப்பட்டுப் பக்கம் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே பிறந்தவர். கரிக்கலாம்பாக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். கணவர் இளம் வயதிலேயே கண்மூட, திருபுவனைக் கம்பெனிக்கு பஸ் ஏறிப் போய் உழைத்து ஒரே மகனை ஆளாக்கினார். வயலாக இருந்து மனையாகிப்போன இடத்தில் வீடும் கட்டினார். அந்த வெட்டவெளியில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வைத்த செடி எதுவும் நிற்கவில்லை.

அக்கா சும்மா இருப்பவரா? நான் கொல்லையில் கொளுத்த இருந்த சோகையை, கரும்பில் கழித்த காய்ந்த தோகையை, டெம்போவில் ஏற்றிவரச் சொல்லி, வாசலிலிருந்து பின்சுவர் வரை கணுக்கால் உயரத்துக்கு மூடாக்குப் போட்டார். சித்திரை வெயிலிலும் அதற்கடியில் மண் குளிர்ந்திருந்தது. கத்தரி, வெண்டை, எலுமிச்சை எல்லாம் பிடித்துக்கொண்டன. எங்கள் எல்லோர் வீட்டுக் குழம்பிலும் அக்காவின் கத்தரிக்காய் கொதித்தது.

ஆனால் அந்தச் சோகையைக் கண்டு அக்காவுக்குப் பயமும் இருந்தது. மேலே காய்ந்து காற்றில் சலசலக்கும்போதெல்லாம் முகம் மாறிவிடும். மாலைதோறும் தண்ணீர் தெளித்து நனைப்பார். பீடியோடு வந்தால் சம்பந்தி என்றும் பார்க்கமாட்டார். படுத்த படுக்கையான பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, வூட்டச் சுத்தி நெருப்புக்குப் பாய் விரிச்ச மாதிரி கெடக்குது. நான் போற அன்னிக்கி வாசல்ல வெடி வெக்க வுட்றாதடா.”

“இன்னாக்கா பேச்சு இது?” என்று அதட்டினேன். அக்காவைப் பார்த்துக்கொள்ளவே ஆள் போதாத அந்த நாட்களில் சோகையை யாரும் நனைக்கவில்லை.

அக்னி நட்சத்திரத்தில் அக்கா போனார். என் பேச்சைக் கேட்டு, சரவெடியைத் தெருமுனை தாண்டித்தான் கொளுத்தினார்கள். காற்று கேட்கவில்லை. பாடையைச் சுமந்து போகையில் பின்னால் புகை வாசம் வந்தது. திரும்பிப் பார்க்கக்கூடாது என்பார்கள், நான் பார்த்தேன். வாசல் சோகை எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் அக்காவின் மருமகளும் கைக்குழந்தையும் இருந்தார்கள். அக்காவைத் தெருவிலேயே இறக்கி வைத்துவிட்டு ஓடினோம்.

அதற்குள் பெண்கள் அணைத்திருந்தார்கள். அக்காவை எடுத்த பிறகு வீடு கழுவ நிரப்பி வைத்திருந்த தண்ணீர் அத்தனையும் சோகையில் கிடந்தது.

“வெடி சத்தம் கேட்டதுமே அவ சொன்னது ஞாபகம் வந்துச்சுபா. கொடத்தோட வாசல்லயே நின்னுக்கினு இருந்தேன்” என்றார் பக்கத்து வீட்டம்மா. அவர் கையெல்லாம் கொப்புளம்.

அந்தப் பெண்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. அக்கா படுக்கையில் இருந்தபோது ஆஸ்பத்திரிக்கு உடன் அலைந்தவர்களுக்கும், கஞ்சி வைத்துக் கொண்டுவந்தவர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

மருமகள் இந்த ஆண்டும் சோகை பரப்பியிருக்கிறாள். வேண்டாம் என்றால், அத்தை வைத்து, தீக்குத் தப்பிப் பிழைத்த எலுமிச்சை காய்ந்துவிடும் என்கிறாள். இன்னும் ஒரு மழைகூட இல்லை. சோகை சலசலக்கத் தொடங்கிவிட்டது.

இந்த நினைவு மலரை வாங்கிக்கொண்டு அக்காவின் நினைவுநாள் படையலுக்கு உள்ளே வரும் உறவினர்கள் பீடியைத் தெருவிலேயே அணைத்துவிட்டு வரவும். கேட் அருகே குடங்களில் தண்ணீர் இருக்கும். கால் கழுவ எடுத்துவிட வேண்டாம்.