கறி தொடாமல் கறிப் போட்டிக்குப் போன கதை: திருமலை வழியாகச் சித்தூர்

இந்தப் பக்கத்தில் இதுவரை கோயில் பயணங்களைத்தான் எழுதியிருக்கிறேன். இந்த முறை பாதி கோயில், பாதி கறி. சைவம் மட்டும் படிப்பவர்கள் திருமலைப் பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சித்தூருக்கு வெளியே ஒரு மாந்தோப்பில் மாசி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பார்பிக்யூ சமையல் போட்டி நடந்தது. ஹோட்டல்காரர்கள் வரக் கூடாது, வீட்டில் சமைப்பவர்கள் மட்டும். அடுப்பு நம்முடையது, விறகு அல்லது கரி மட்டும், கேஸ் கூடாது. சேர்வதற்கு ஐந்நூறு ரூபாய். எனக்குப் போனில் வந்த செய்தி ஓரகத்தி கலாவுக்கும் வந்திருந்தது. கலா என் கொழுந்தனார் மனைவி, பக்கத்து வீடு, இடையில் ஒரு குட்டைச் சுவர்தான்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் கறியைப் புகையில் வேகவைக்க முதலில் கற்றது நான்தான். போனில் வீடியோ பார்த்து, பழைய எண்ணெய் டிரம்மை நகரியில் வெல்டிங் கடையில் குறுக்கே வெட்டி, கீல் வைத்து மூடி போட்டு, மூன்று தொடையைக் கரியாக்கி, நாலாவதில் பக்குவத்தைப் பிடித்தேன். கலா அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "இன்னாக்கா, துணி எல்லாம் பொக நாத்தம் அடிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தவள். பிறகு என்னிடமே கற்றாள். பிறகு கொழுந்தனார் அவளுக்குத் தெர்மாமீட்டர் வைத்த ஸ்மோக்கர், அதாவது கடையில் விற்கும் புகை அடுப்பு, வாங்கிக் கொடுத்தார். பிறகு திருப்பதியில் நடந்த ஒரு சின்னப் போட்டியில் அவளுக்கு இரண்டாம் பரிசு, எனக்கு ஒன்றுமில்லை. குடும்ப வாட்ஸாப் குழுவில் அவள் படம் நான்கு நாள் ஓடியது. என் நாத்தனார், "புகைக்கறின்னா நம்ம கலா தான்" என்று எழுதினாள். அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை.

அந்த வேகத்தில்தான் பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன். அடுத்த போட்டியில் முதல் பரிசு வாங்கும் வரை கறி தொட மாட்டேன் என்று. என்னைப் போன்றவர்கள் வேண்டுதல் என்றால் நாக்கைத்தான் முதலில் கட்டுவோம், பழக்கம். கறிப் போட்டிக்குப் போகிறவள் கறியை விட்டால் உப்பு யார் பார்ப்பது என்பது கற்பூரம் அணைந்த பிறகுதான் உறைத்தது. என் வீட்டுக்காரர் கேட்டதும் சிரித்தார். அவருக்கு எதைக் கொடுத்தாலும் நன்றாயிருக்கிறது என்பார், அந்த நாக்கு உதவாது. மிச்சம் இருந்தது கலாதான்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்குள் கறி வராது. தோட்டத்துப் பக்கம் மேசை போட்டு ஆட்டுத் தொடையைத் தயார் செய்தேன். எலும்போடு இரண்டே முக்கால் கிலோ. உப்பைத் தராசில் எடை போட்டே தடவினேன். மிளகு, காய்ந்த மிளகாய், பூண்டு, கொஞ்சம் சித்தூர் வெல்லத்தூள். கவரில் கட்டி ஐஸ் பெட்டியில் வைத்தேன். கலா எடுத்தது நாட்டுக்கோழி இரண்டு. கார் வாடகை இரண்டு நாளுக்கு ஓட்டுநர் படியோடு ஐயாயிரத்து ஐந்நூறு, ஆளுக்குப் பாதி.

சனிக்கிழமை காலை நாலே முக்காலுக்கு விஜயபுரம் பக்கத்திலிருந்து கிளம்பினோம். கூரையில் என் டிரம் கயிற்றில், டிக்கியில் கலாவின் ஸ்மோக்கர் அட்டைப் பெட்டியோடு. புத்தூர், ரேணிகுண்டா வழியாக அலிபிரி வரை மீட்டரில் 66 கிலோமீட்டர், ஆறு நாற்பதுக்குச் சேர்ந்தோம். இருவருக்கும் முந்நூறு ரூபாய் தரிசன டிக்கெட், ஒன்பது மணிக்கு. கறி மலை ஏறக் கூடாது, சோதனைச் சாவடியில் விட மாட்டார்கள், விடவும் கூடாது. பெட்டிகளைக் காரோடு கீழே விட்டுப் பேருந்தில் ஏறுவது என்பதுதான் என் கணக்கு. ஓட்டுநர் முனிரத்தினம் அந்தக் கணக்கைக் கலைத்தார்.

"சனிக்கெழம அதுவுமா, மலை அடிவாரத்துல, கறிக்கு நானு காவலா? ஆவாதும்மா. வண்டிய நெழல்ல வுட்டுட்டு நான் குளிச்சிட்டு வந்துருவேன். பொட்டி உங்க பாடு."

"வெயில் ஏறினா ஐஸ் மாத்தணும் அண்ணா."

"அதான் சொல்றேன், உங்க பாடு."

கலா இறங்கி வந்தாள். "நீ போக்கா. வேண்டுதல் உன்னுது. நான் பாத்துக்கினு கீறேன்."

முந்நூறு ரூபாய் டிக்கெட்டை விட்டுக்கொடுத்தாள். நன்றி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு. வரிசையில் நிற்காமலே புண்ணியத்தையும் அவளே வாங்கிக்கொண்டாளே என்றுதான் தோன்றியது. பேருந்து வளைவுகளில் ஏற ஏற அந்தப் பெட்டி என் கண்ணிலேயே நின்றது. என் தொடையும் அவள் கோழியும் ஒரே காரில், அவள் தனியாக.

தரிசனத்துக்குக் காத்திருக்கும் கூண்டில் எல்லாரும் கோவிந்தா சொல்ல நானும் சொன்னேன், வாய் மட்டும். தங்க வாசல் தாண்டி நின்றது கொஞ்ச நேரம், அதற்குள் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். முதல் பரிசு கொடு என்று கேட்கத்தான் மாதக்கணக்காக வாசகம் தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் பெருமாள் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்தது, "கலா என் பெட்டியைத் திறக்கக் கூடாது." அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டேன். லட்டு வாங்கிக்கொண்டு கீழே இறங்கும்போது மணி இரண்டேகால்.

கலா கார் நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

"அக்கா, உன் பொட்டியில ஐஸ் கரைஞ்சி தண்ணி கவருக்குள்ள பூந்துகினு இருந்துச்சி. தொறந்து, கறிய தொடச்சி, வேற கவர்ல போட்டு, புது ஐஸ் வச்சிட்டேன். ஐஸுக்கு நூத்தி இருவது."

திறந்திருக்கிறாள். எனக்குக் காதில் விழுந்தது அது ஒன்றுதான். நூற்றிருபதை எண்ணிக் கொடுத்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

சித்தூர் சாலை நன்றாக இருக்கிறது. அலிபிரியிலிருந்து லாட்ஜ் வரை 73 கிலோமீட்டர், நடுவில் டீக்கு நிறுத்தியும் இரண்டரை மணி நேரம்தான். ஆனால் விறகு கொண்டு போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இது செம்மரக் காடு இருக்கும் பக்கம். வழியில் ஒரு சோதனையில் நிறுத்தினார்கள். கூரையில் டிரம், டிக்கியில் மூட்டை நிறைய மரத்துண்டு, யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"ஏம்மா, இவி ஏ கட்டெலு?" என்று கேட்டார் சோதனைக் காவலர், என்ன கட்டை என்று.

"மாமிடி கட்டெலு சார். மாமரம். கறிக்குப் புகை போட."

"கறிக்கா? கொழம்பு வெக்கத் தெரியாதா?"

மூட்டையைக் கீழே கொட்டி, ஒவ்வொன்றாகப் பிளந்த பக்கம் பார்த்து, ஒன்றை மோந்தும் பார்த்தார். கலா புகைக்கு வைத்திருந்த மரத்தூளோ கடையில் வாங்கியது, பை மேல் படம் அச்சடித்தது. அதைத் தொடக்கூட இல்லை. கலா வாயைப் பொத்திக்கொண்டு, "அக்கா, உன் மூஞ்சிய பாத்தா கடத்தல்காரி மாதிரியே கீது" என்றாள். முனிரத்தினமும் சிரித்தார். நான் கட்டைகளைப் பொறுக்கி மூட்டை கட்டினேன்.

லாட்ஜ் அறை ஆயிரத்து இருநூறு, சுத்தமாக இருந்தது. ராத்திரிக்கு இட்லி.

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தோப்பில் இருந்தோம். மாமரங்கள் பூத்திருந்ததால் அனல் படக் கூடாது என்று வெறுந்தரையில் இடம் அளந்து கொடுத்தார்கள். மொத்தம் பதினான்கு அடுப்பு. புளியங்கரி பிடித்து அடங்கியதும் மாங்கட்டையை ஓரமாக வைத்து ஏழு மணிக்குத் தொடையை ஏற்றினேன். என்னிடம் தெர்மாமீட்டர் கிடையாது. மூடி மேல் தண்ணீர் தெளித்துப் பார்ப்பேன். சொட்டு ஓடினால் சூடு அதிகம், நின்று காய்ந்தால் சரி. புகை நீலமாக, மெல்லிசாக வர வேண்டும். வெள்ளையாகத் திரண்டு வந்தால் கறி கசக்கும். அன்று என் புகையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவு மெல்லிசு. பக்கத்து அடுப்புக்காரர்கூட வந்து நின்று பார்த்தார். கலாவுக்கு அந்த வேலையே இல்லை. தெர்மாமீட்டர் முள்ளைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு ஓரத்தில் ஒரு துண்டு வெட்டினேன். உள்ளே ஓரத்திலிருந்து ஒரு விரல் அகலத்துக்குப் புகை பிடித்த ரோஜா நிறம் ஏறியிருந்தது. வாசனை வந்து வயிற்றைப் பிடித்தது. இரண்டு மணிக்கு நடுவர்கள் முன் தட்டு வைக்க வேண்டும். அதுவரை உப்பு எலுமிச்சைத் தண்ணீர் தடவித் தேவையானதை ஏற்றிக்கொள்ள நேரம் இருக்கிறது. கலாவைக் கூப்பிட்டேன். ஊதி ஊதி வாயில் போட்டாள். கண்ணை மூடி மென்றாள்.

"பூ மாதிரி கீதுக்கா. உப்பு மட்டும் பத்தல."

"எப்படிப் பத்தாது? எடை போட்டு வச்ச உப்பு."

"எனக்கின்னா தெரியும்? நாக்கு சொல்றத சொன்னேன். ரெண்டு வாட்டி தண்ணி தடவு, சரியா பூடும்."

நான் அவள் முகத்தையே பார்த்தேன். அளந்து போட்டது எனக்குத் தெரியும். அதற்கு மேல் ஏற்றினால் உப்புக் கரிக்கும், கரித்தால் யாருக்கு லாபம்? இரண்டு அடுப்பு தள்ளி நிற்கும் அவளுக்கு. இப்படித்தான் ஓடியது என் புத்தி. "சரி, பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டு, உப்புத் தண்ணீர்ச் சொம்பை மேசைக்கு அடியில் தள்ளினேன். எலுமிச்சையை மட்டும் பிழிந்தேன்.

நடுவர்கள் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள் என் கறியை எடுத்ததும் பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்துக் காட்டினார். "பொக சால பாகுந்தம்மா," என்றார். புகை ரொம்ப நன்றாயிருக்கிறது. இன்னொரு துண்டு எடுத்தார். பிறகு, "உப்பே தக்குவ" என்றார். உப்புதான் குறைவு.

அப்போதுதான் ஐஸ் தண்ணீர் ஞாபகம் வந்தது. நான் எடை போட்ட உப்பில் பாதி அலிபிரியிலேயே தண்ணீரோடு போயிருந்தது. அதை அவள் என்னிடம் சொல்லியும் இருந்தாள், நூற்றிருபது ரூபாய்க்கு முன்னால்.

கலாவுக்கு முதல் பரிசு, ஐயாயிரமும் ஒரு மிக்ஸியும். எனக்கு ஆறுதல் பரிசு, டிபன் கேரியர். மேடையிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள். 'சொன்னேனில்ல' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவள் சொல்லவில்லை. நான் உப்புத் தண்ணீர் தடவி, அதுவும் போதாமல் போனதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். நான் திருத்தவும் இல்லை.

திரும்பும்போது காரில் கோழித் துண்டு ஒன்றை இலையில் வைத்து நீட்டினாள்.

"ஆறுதல் பரிசும் பரிசுதான்கா. வேண்டுதல முடிச்சிகினு ஒரு வாய் துன்னு."

"நான் வேண்டிக்கிட்டது முதல் பரிசு."

"பெருமாள் இன்னா ரிசல்ட் ஷீட்டா பாக்கறாரு?"

"நான் பாக்கறேன்."

முன்னால் இருந்து முனிரத்தினம் கையை நீட்டினார். "இன்னிக்கி ஞாயித்துக்கெழமம்மா. இப்டி குடுங்க." எலும்பைக்கூட விடவில்லை. நன்றாக இருந்திருக்க வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: எனக்குத் தனியாக ஆன செலவு ஐயாயிரத்து நூறு, கறி தவிர. மலைக்கும் கறிக்கும் ஒரே பயணத்தில் போகாதீர்கள், இரண்டுமே கெடும். விறகு கொண்டு போனால் மரப்பட்டையோடு கொண்டு போங்கள், என்ன மரம் என்று பார்த்ததும் தெரியும். கறியை நேராக ஐஸ் மேல் வைக்காதீர்கள். இறுக்கி மூடும் டப்பாவில் போட்டு அதைப் பெட்டிக்குள் வையுங்கள். உப்பைக் கிளம்பும் முன் தடவியிருந்தாலும் அடுப்பில் ஏற்றும் முன் ஒரு சின்னத் துண்டைச் சுட்டுப் பாருங்கள். நீங்கள் பார்க்க முடியாவிட்டால், யார் பார்க்கிறாரோ அவர் சொல்வதைச் செய்யுங்கள். செய்ய மனம் வராது என்றால் அவரை அழைத்துப் போகாதீர்கள்.

போன ஞாயிறு வீட்டில் மறுபடி ஒரு தொடை ஏற்றினேன், வேண்டுதல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மதியம் சுவர்ப் பக்கம் போனேன். கூப்பிட்டேன். கலா கையைத் துடைத்துக்கொண்டு வந்து மென்று பார்த்தாள்.

"ஒரு சிட்டிகைக்கா."

ஒரு சிட்டிகை கரைத்து அவள் எதிரிலேயே தடவினேன். அரை மணி கழித்து மறுபடி வாயில் போட்டுப் பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். இன்னொரு துண்டு எடுத்தாள். அது உப்புப் பார்க்க இல்லை. அதற்கு அடுத்ததும் இல்லை. விரலை நக்கிக்கொண்டு, "இத அன்னிக்கி வச்சிருந்தா நான் ரெண்டாவதுக்கா" என்றாள்.

அவளுடைய ஸ்மோக்கர் மேல் இருந்த பொறாமை அந்த நிமிஷம் விட்டுப் போனது. இப்போது அவள் வாய் மேல்.