தளர்ந்த பற்றரியில் அண்ணனின் குரல்

எழுபத்தேழில் அண்ணன் பாடிய ஒரேயொரு பாட்டு எங்கள் வீட்டில் ஒரு கசற்றில் கிடந்தது. அவருக்குத் துறைமுகத்தில் சாமான் இறக்கும் வேலை. கப்பற்காரர் ஒருவர் கொடுத்த அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல், ஃபங்க் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் பைத்தியம் பிடித்து, அதே துள்ளலில் தமிழில் ஒரு பாட்டுக் கட்டினார். பேஸ் கிற்றார் முன்னால் போகும், குரல் பின்னால் சோம்பலாக வரும். "அவசரப்படாமல் பாடவேணும், அதுதான் இதின்ர உயிர்" என்பார்.

பதிவு செய்த மண்டபத்தில் ஒரேயொரு பிளக். அதை அம்பிளிபையர் பிடித்துக்கொண்டது. ரெக்கோடருக்குப் பற்றரி போட்டோம். தட்டுப்பாட்டுக் காலம், எல்லாம் வெயிலில் காயவைத்து உயிர் கொடுத்த பழைய பற்றரிகள். கோரசில் நான் கை தட்டினேன். தாளம் தப்பித்தான் தட்டினேன், அதுவும் பதிவாகியிருக்கிறது. நாடா மெல்லச் சுற்றியதை ஒருவரும் கவனிக்கவில்லை. பிறகு நல்ல பற்றரியில் போட்டபோது பாட்டு விழுந்தடித்து ஓடியது. அண்ணனின் குரல் மீசை முளைக்காத பையனுடையது போலக் கீச்சிட்டது. கலியாண வீடுகளில் அதற்கும் ஆடினார்கள். அம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"உது ஆரடி? என்ர பிள்ளை இப்பிடியே கத்துறவன்?"

"அடுத்த மாதம் வடிவாய்ப் பாடித் தாறன் அம்மா" என்றார் அண்ணன்.

அந்த அடுத்த மாதம் வரவேயில்லை. அந்த வருடக் கலவரத்தில் மண்டபம் எரிந்தது, வாத்தியங்களும் அதனோடு போயின. சில வருடங்கள் கழித்து, தம்பலகாமத்துக்குப் போன பஸ்ஸிலிருந்து கண்டி வீதிச் சோதனைச்சாவடியொன்றில் ஆமிக்காரர் அவரை இறக்கினார்கள். பஸ் மட்டும் திரும்பி வந்தது.

அம்மா முகாம் முகாமாக ஏறி இறங்கினார். வருடங்கள் போயின. ஒரு நாள் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார்: "முகம் படத்தில கிடக்கு. குரல்தான் மறந்து போச்சு. அவன் அம்மா எண்டு கூப்பிடுறது காதுக்கை வருகுதில்லை."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்றவள் மறக்கலாமா என்று வாய்க்குள் திட்டினேன். பிறகு நானே நினைவைத் துழாவிப் பார்த்தேன். எனக்கும் வரவில்லை. பயந்துபோனேன்.

கரண்ட் இல்லாத ஒரு பின்னேரம், அந்தக் கீச்சுக் குரலாவது போதும் என்று கசற்றைப் போட்டேன். பற்றரி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது சரணத்தில் பாட்டு தளர்ந்தது. பதிவு செய்த அன்றிருந்த வேகத்துக்கே நாடா வந்துவிட்டது. குரல் மெல்லக் கனத்தது. அண்ணன் அவசரப்படாமல் பாடினார்.

குசினியிலிருந்து அம்மா மாப்படிந்த கையோடு ஓடிவந்தார். என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தார்.

"வந்திட்டானோ?"

அதற்குப் பிறகு புதுப் பற்றரி வாங்க அம்மா விடவில்லை. தேய்ந்ததையே முற்றத்து வெயிலில் காயவைத்து, அண்ணன் குரல் வருகிற அளவுக்கு மட்டும் உயிர் கொடுத்தார். எத்தனை நாளைக்கு அப்படி ஓட்ட ஏலும்? வெயிலும் பலிக்காமல் போயிற்று. குரல் இன்னும் இறங்கி, களைத்துப்போன ஒரு மனிதனுடையதாயிற்று. என்னால் தாங்க முடியவில்லை. கடையில் புதுப் பற்றரி வாங்கிவந்து மூடியைக் கழற்றினேன்.

அம்மா என் கையைப் பிடித்தார்.

"மாத்தாதை பிள்ளை. அவனுக்கு இப்ப நாப்பது தாண்டியிருக்கும். குரல் இப்பிடித்தான் இருக்கும்."