ராகு காலத்தில் வந்த டிவி

இன்று என் மனைவி கமலாவும் நானும் ஈப்போவில் ஐந்து கடை ஏறி இறங்கி, ஒருவழியாக அறுபத்தைந்து அங்குல டிவி ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரைக்கு. மூன்று மணிக்குள் பணம் கட்டியாகிவிட்டது. கமலா எல்லாவற்றையும் யோசித்துத்தான் வைத்திருந்தாள்.

லாரியைத் தவிர. தைப்பிங்கில் எங்கள் வீட்டு வாசலுக்கு அது வந்து நின்றபோது மணி ஐந்து.

"அக்கா, உள்ள எங்க வைக்கணும்?" என்றார் சீன டிரைவர்.

"உள்ள வேணாம்லா. ஆறு மணி வரைக்கும் ராகு காலம். போர்ச்சிலயே வச்சிருங்க."

டிரைவர் ஆச்சரியப்படவே இல்லை. "போன வாரம் பத்து காஜா டவுன்ல ஒரு வீட்லயும் இப்படித்தான்லா" என்று சொல்லி, பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மலேசியாவிலேயே அதிகம் பெய்யும் தைப்பிங் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஐந்தே காலுக்கெல்லாம் சாரல் போர்ச்சுக்குள் அடிக்க ஆரம்பித்தது. நான் பெட்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் முதுகு முழுக்க ஈரம்.

"உள்ள கொண்டு வந்துரட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

கமலா ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "ராகு காலத்துல உள்ள வந்த சாமான் நிலைக்காதுங்க. நீங்க நனைஞ்சா தொடச்சிக்கலாம், டிவி நனைஞ்சா என்ன பண்றது? கொடைய நல்லா பிடிங்க."

இதை ஒரு கையால்தான் போனில் எழுதுகிறேன். ஆறு மணிக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது.

பணம் கட்டிய நேரம்தான் கணக்கு, வீட்டுக்குள் நுழையும் நேரம் இல்லை என்று பஞ்சாங்கம் தெரிந்த யாராவது கீழே எழுதுங்கள். கமலா நம்பும்படி எழுதுங்கள்.