நிலவு காலத்தில் வராத மீன்காரர்

இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

1950களில், இலங்கையின் கிழக்குக் கரையில் மருதமுனையில் ஒரு நெசவுக் கொட்டிலில் வேலை செய்தேன். பகல் சாப்பாட்டுக்குத் தறிகள் ஓய்ந்ததும், இந்தியாவிலிருந்து வந்த மாத இதழொன்றைச் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். பௌர்ணமியில் ஓநாயாக மாறும் மனிதனின் பேய்க்கதை அதில் தொடராக வந்தது. சேர்ந்த புருவமும் மயிரடர்ந்த கையும்தான் அவனுக்கு அடையாளம்.

சாய்ந்தமருதிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருபவரை அண்ணன் முறையில் 'காக்கா' என்போம்; அவருக்கும் அதே புருவம், அதே கை.

"நிலவு காலத்துல அவர் வாறதும் இல்லயே!" என்றான் ஒருவன்.

நிலவு வெளிச்சத்தில் வலையில் மீன் விழாது, அதனால் தோணி இறங்காது. கடற்கரையில் பிறந்த எங்களுக்கு இதுகூடவா தெரியாது? நன்றாகத் தெரியும். கதை கேட்கக் கூட்டம் கூடியதால் நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு கிழமைக்குள் வீடுகள் அவருக்குப் படலையைச் சாத்தின. பிள்ளைகள் கல்லெறிந்தார்கள். ஒரு மத்தியானம் நெற்றிக் காயத்தோடும் விற்காத மீனோடும் அவர் கொட்டில் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, அந்தக் கதையில அவனுக்குக் கடைசியில என்ன நடந்த?"

"ஊர் ஆக்கள் கூடிச் சுட்டுட்டாங்க, காக்கா."

"அதுக்கு முதல் ஒராளாவது அவனுக்கிட்ட ஏதும் கேட்டவங்களா?"

அவர் சைக்கிளைத் திருப்பினார்.

அவர் கேட்டது கொட்டிலில் இருந்த எல்லார் காதிலும் விழுந்தது. அப்போதுகூட ஒருவரும் எழுந்துபோய் அவரிடம் மீன் வாங்கவில்லை. நானும்தான் வாங்கவில்லை.