கோலியர்ஸ் வுட் ஸ்டூடியோவில் காணாமல் போன கசெட்

மேசையில் வைத்த தேத்தண்ணிக் கோப்பை மெல்ல நடுங்கத் தொடங்கினால், உள்ளே டிரம்ஸ் அடிக்கிறார்கள் என்று அர்த்தம். ஈரக் கார்ப்பெட் மணம், சிகரெட் மணம்... கோலியர்ஸ் வுட்டில் இருந்த அந்த ரிகர்சல் ஸ்டூடியோதான் லண்டனில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. ரிசெப்ஷன். பகல் ஷிப்ட்.

அந்த வருடம் இஸ்ரேலில் இருந்து ஒரு ராக் பேண்ட் வந்தது. நாலு பேர். அவர்களுடைய நாட்டில் ரேடியோவைத் திறந்தால் இவர்களின் பாட்டுத்தானாம். பிறகு சண்டை பிடித்துப் பிரிந்து, பத்து வருடம் முகம் பார்க்காமல் இருந்து, லண்டனில் ஒரே ஒரு ரீயூனியன் கச்சேரிக்காகச் சேர்ந்திருந்தார்கள்.

சேர்ந்தவர்கள் மாதிரித் தெரியவில்லை...

பாடகர் அரை மணி முந்தியே வந்து, நேற்று கிட்டார்காரர் போனில் யாரோடு கதைத்தார் என்று சிரித்துக்கொண்டே என்னிடம் கேட்பார். அவர் உள்ளே போனதும் கிட்டார்காரர் வந்து, பாடகர் என்ன கேட்டார் என்று கேட்பார். மற்றவர் ரகசியமாகத் தனி ஆல்பம் போடப்போகிறார் என்று இருவருக்கும் சந்தேகம்.

எனக்கோ இருவரிலும் சந்தேகம். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் என் அகதி கேஸ் முடியாத காலம் அது. யார் கேள்வி கேட்டாலும், எங்கேயோ எழுதிக் கொடுக்கத்தான் கேட்கிறார் என்று தோன்றும்.

வீட்டில் சொன்னேன். கணவர் சோற்றுக் கோப்பையிலிருந்து தலை நிமிரவில்லை.

“நீர் ஒண்டும் பாக்கேல்லை, ஒண்டும் கேக்கேல்லை. கேஸ் முடியுமட்டும் வாயைத் திறவாதையும்.”

அடுத்த கிழமை அவர்கள் ஒரு புதுப் பாட்டைப் பதிந்தார்கள். ஒரே ஒரு கசெட். யார் கையில் இருப்பது என்று இழுபறிப்பட்டு, கடைசியில் என் மேசை லாச்சியில் வைத்தார்கள்.

மறுநாள் மத்தியானம் நான் டாய்லெட்டுக்குப் போய்த் திரும்பி வர, டிரம்ஸ்காரர் லாச்சியை மூடிவிட்டு நிமிர்ந்தார். அதிகம் பேசாத மனுசன். என்னைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

பின்னேரம் லாச்சி வெறுமை. முதலில் பாடகரும் கிட்டார்காரரும் ஒருவரை ஒருவர் திட்டினார்கள். பிறகு இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். யாருக்கு விற்றாய் என்று பாடகர் கேட்டார். பொலிசைக் கூப்பிடலாம் என்றார் கிட்டார்காரர். பொலிஸ் என்றால் அடுத்தது குரோய்டன்...

ஒரு வார்த்தை சொன்னால் தப்பலாம். ஆனால் அந்த வார்த்தையை யார் நம்புவார்கள்? டிரம்ஸ்காரர் ஸ்டார், நான் ரிசெப்ஷன். பேசாமல் நின்றேன். கசெட் கிடைக்கும்வரை வரவேண்டாம் என்று முதலாளி அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் முதலாளியே போன் பண்ணினார். டிரம்ஸ்காரர் எல்லாருக்கும் முன்னால் கசெட்டை எடுத்து வைத்துவிட்டாராம். அந்தப் பாட்டோடு யாராவது ஓடிவிடுவார்கள் என்று பயந்து, கச்சேரி முடியுமட்டும் ஒளித்து வைக்க நினைத்தாராம். என்னை வேலையால் நிற்பாட்டியது அன்றுதான் அவருக்குத் தெரியவந்ததாம்.

அவரும் அவர்களை நம்பவில்லை, அவர்களும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. நான் ஒருவரையுமே நம்பவில்லை. திரும்ப வேலைக்குப் போனபோது டிரம்ஸ்காரர் மன்னிப்புக் கேட்டு ஒரு டிக்கெட் தந்தார். அதிலும் ஏதோ இருக்கும் என்று கச்சேரிக்குப் போகவில்லை.

போன மாதம் அவர்களுடைய அடுத்த ரீயூனியன், லண்டனில். இந்த முறை காசு கொடுத்து, கணவரையும் இழுத்துக்கொண்டு போனேன். எல்லாருக்கும் தலை நரைத்துவிட்டது. பாடகரும் கிட்டார்காரரும் தோளில் கை போட்டு, சிரித்துக்கொண்டு ஒரே மைக்கில் பாடினார்கள்.

கணவர் என் காதுக்குள், “இவை உண்மையாத்தான் சிரிக்கினமோ?” என்றார்.

“எனக்கும் அதுதான் யோசினை.”

முடிந்தபின் வாசலில் டிரம்ஸ்காரரைப் பிடித்தேன். ஸ்டூடியோ, லாச்சி என்று தொடங்கவே கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது சண்டை இல்லையா என்று கேட்டேன்.

சண்டை பிடிக்க ஒரே அறையில் இருக்கவேண்டுமே என்றார். அவரவர் வீட்டில் வாசித்து, கம்ப்யூட்டரில் அனுப்பி, மேடையில்தான் சந்திக்கிறார்களாம். ஒருவரில் ஒருவருக்குச் சந்தேகமே இல்லையாம்.

திரும்பி வரும்போது ட்யூபில் யோசித்துக்கொண்டு வந்தேன்... அன்றைக்கு நாலு பேரும் சந்தேகப்பட்டுக்கொண்டாவது, ஒவ்வொரு நாளும் ஒரே கதவால் உள்ளே போனார்கள்.