மணலுக்குள் போன மஞ்சள் மீன்

போன மாதம் எங்கள் வீட்டுக் குளியலறையில் மணல் கழுவினோம். ஆமாம், மணலைத்தான். அரிசி களைவதுபோல... வாளி வாளியாக.

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு என் கணவர், ஃபேரர் பார்க் வீட்டு ஹாலில் ஓர் உப்புநீர் மீன்தொட்டி வைத்தார். உள்ளே ஒரு ஜோடி கோமாளி மீன்கள். அடியில் வெறும் கண்ணாடி. சுத்தம் செய்ய எளிதாம். ஒரு சிக்கலும் இல்லை — எலுமிச்சை நிறத்தில் ஒரு ‘ராஸ்’ மீனை வாங்கி வரும்வரை.

தொட்டி விளக்கை அணைக்கும் நேரம் வந்தாலே அதற்குப் பதற்றம். மூக்கால் தரைக் கண்ணாடியை முட்டி முட்டிப் பார்க்கும். எதைத் தேடுகிறது? அதை வாங்கிய கிளமெண்டி கடைக்கு ஃபோன் செய்தார். இந்த இனம் மணலுக்குள் புதைந்துதான் தூங்குமாம். மணல் இல்லாவிட்டால் பயத்தில் தொட்டியை விட்டே குதித்தாலும் குதித்துவிடுமாம்.

"பாவம், வந்ததிலேர்ந்து அது சரியாவே தூங்கலபோல" என்றார் அவர். முகமே வாடிவிட்டது.

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் இல்லாத மணலா என்று கேட்டேன். அங்கிருந்து அள்ளக் கூடாது, அழுக்கும் கூடவே வரும் என்றார். சரி... கிளமெண்டிக்கே போய் தொட்டிக்கென்று விற்கும் வெள்ளை மணலை வாங்கி, எம்ஆர்டி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். எதிர் சீட்டு ஆன்ட்டி, அரிசி எங்கே ஆஃபர் என்று விசாரித்தார்.

கழுவக் கழுவப் பால்போலத் தண்ணீர். இடுப்பு ஒடிந்தது. கடைசியாக உப்புநீரில் ஓர் அலசல். பிறகு பம்பை நிறுத்திவிட்டு, அவர் ஒரு பிளாஸ்டிக் குழாயைத் தொட்டியின் அடிவரை இறக்கிப் பிடித்தார். நான் மேல்முனையில் புனல் வைத்து, கரண்டி கரண்டியாக மணலைப் போட்டேன். மீன்கள் தலையில் கொட்டிவிடக் கூடாதே!

அவ்வளவு கழுவியும் தொட்டிக்குள் ஒரே புகைமூட்டம். அது தெளிந்தபோது கோமாளிகள் இருந்தன. மஞ்சள் மீனைக் காணோம்.

மறுநாளும் காணோம். வெளியே குதித்துவிட்டதோ என்று சோபாவுக்கு அடியிலும் தேடியாயிற்று. அவர் காலைப் பசியாறவே இல்லை. தொட்டிமுன் நின்றபடி மெதுவாகக் கேட்டார்:

"நாமளே அத உயிரோட புதைச்சிட்டோமா, கமலா?"

குச்சியால் கிளறிப் பார்க்கலாம் என்றேன். எதற்கும் கடையில் கேட்போம் என்று அவர் ஸ்பீக்கரில் ஃபோன் போட்டார். அங்கே வேலை செய்யும் தமிழ்ப் பெண் பதறிவிட்டாள்.

"டிஸ்டர்ப் பண்ணாதீங்க லா அங்கிள். பயந்து ஒளிஞ்சிருக்கும். அதுவா வரும்."

அடுத்த நாள் காலை தேக்கா மார்க்கெட்டிலிருந்து திரும்பினேன். கதவைத் திறந்ததும், தொட்டிமுன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் உதட்டில் விரலை வைத்தார். காய்கறிப் பையோடு அப்படியே நின்றேன். ஒரு மூலையில் மணல் லேசாக அசைந்தது. முதலில் ஒரு மூக்கு... அப்புறம் ஒரு கண்... பிறகு உடம்பை உதறிக்கொண்டு முழு மஞ்சளும் வெளியே வந்தது.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, பசிக்கிறது என்றார்.

ஒருவருக்கு வேண்டியதைச் செய்துவிடலாம். செய்த பிறகு, கிளறாமல் இருப்பதுதான் கஷ்டம் — மீனானாலும் சரி, மனிதரானாலும் சரி.

இப்போதெல்லாம் விளக்கு அணைவதற்கு முன்பே அது தலைகீழாக மணலைத் துளைத்து உள்ளே போய்விடுகிறது. எங்கள் வீட்டில் தன் படுக்கையைத் தானே போட்டுக்கொள்ளும் ஆள் அது ஒன்றுதான்!