கூடாரத்துக்குப் பால் காய்ச்சிய நாள்

நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளியில் இரண்டு நாள் முகாம் என்று அறிவித்தார்கள். வத்திராயிருப்புப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு. மூன்று பேருக்கு ஒரு கூடாரம். யார் வீட்டில் வாங்கித் தருவார்களோ அவர்கள் கை தூக்கலாம் என்றார் டீச்சர். நான் தூக்கிவிட்டேன். வீட்டில் கேட்டுவிட்டுத் தூக்குகிற புத்தி அப்போதும் கிடையாது, இப்போதும் கிடையாது.

ராஜபாளையத்தில் கூடாரம் என்று கேட்ட கடைகளிலெல்லாம் பந்தல் போடுகிறவரின் போன் நம்பரைக் கொடுத்தார்கள். கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பையும் குடையும் விற்கிற ஒரு கடையில் இரண்டு இருப்பதாகத் தெரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

அப்பாவுக்குப் பேண்டேஜ் துணி நெய்கிற மில்லில் வேலை. துணி என்று ஒன்று கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. கடைக்காரர் விரித்துக் காட்டியதும் விரலால் நிமிண்டினார், வெளிச்சத்தில் பிடித்தார், வாயை வைத்து ஊதியும் பார்த்தார்.

"காத்தே போகலையே தம்பி. உள்ள படுக்கவன் அவிஞ்சுல்ல போவான்?"

"தண்ணியும் போகாதுல்ல அண்ணாச்சி. காத்துக்கு அந்தா வலை வச்சிருக்கு."

எனக்கு ஆரஞ்சு நிறத்தில் இருந்த சின்னதுதான் பிடித்தது. ஒரு கையில் தூக்கிவிடலாம். அம்மா பெரியதாக இருந்த பச்சையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கேட்டது ஒரே கேள்விதான்.

"வாசல் எந்தப் பக்கம் வரும்?"

"எந்தப் பக்கம் வேணும்னாலும் திருப்பிக்கிடலாம்க்கா. நம்ம இஷ்டம்தான்."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டாள். உள்ளே நாலு மூலையையும் அவள் தடவிப் பார்ப்பது துணியில் தெரிந்தது.

"வாரியா, இல்ல அங்கனயே குடியிருக்கப் போறியா?" என்றார் அப்பா.

வெளியே வந்து, "இதே இருக்கட்டும்" என்றாள். பச்சையை வாங்கினோம். சுமக்கப் போகிறவள் நான் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அப்போது நாங்கள் பெரியப்பா வீட்டில் இருந்தோம். கூட்டுக்குடும்பம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். எங்களுக்கு ஓர் அறை, அடுப்படி பெரியம்மாவுடையது. சமைப்பது அம்மா. என்ன சமைப்பது, யாருக்கு முதலில் போடுவது என்பதைப் பெரியம்மா சொல்வார். இதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. சோறு நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது.

முகாமுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பழகிப் பார்க்கலாம் என்று மொட்டை மாடியில் கூடாரத்தை நிறுத்தினோம். வாசலைக் கிழக்கே திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு அம்மா கீழே போனாள். வரும்போது குட்டி கேஸ் அடுப்பு, மஞ்சள் பூசிய புதுப் பாத்திரம், அரை லிட்டர் பால்.

"இதுக்குமா பால் காய்ச்சுவாங்க?" என்றேன்.

"ஏட்டி, நீ போயிப் படுக்கப் போற இடம். சும்மாவா நுழையிறது?"

அடுப்பைக் கூடாரத்துக்குள்ளேயே வைத்துப் பற்ற வைத்தாள். அப்பா தடுக்கவில்லை. பஞ்சுத் துணியோடே காலம் தள்ளிய மனிதர். "அஞ்சு நிமிசம்தான? கருகுற வாடை வந்தா அமத்திருவோம்" என்றார்.

கருகுகிற வாடை வரவே இல்லை. பால் பொங்கி வழிந்த அதே நேரத்தில், அடுப்புக்கு மேலே சரிந்திருந்த துணி தானாகச் சுருங்கி, ஒரு தட்டு அளவுக்குத் திறந்துகொண்டது. வானம் தெரிந்தது.

"பஞ்சா இருந்தா கருகும். இது உருகுதே!" என்று அப்பா பாய்ந்து அடுப்பை அணைத்தார்.

அம்மா ஓட்டையைப் பார்க்கவே இல்லை. "பொங்கிருச்சு பாத்தியளா? நல்லா பொங்கிருச்சு" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. வகுப்பில் கை தூக்கியவள் நான். என்னை நம்பி இரண்டு பேர் இருந்தார்கள்.

"இது ஒண்ணும் உன் வீடு கிடையாது. என் டென்ட்டு. இனிமே இதுக்குள்ள வராத!" என்று கத்தினேன்.

சத்தம் கேட்டுப் பெரியம்மா மாடிப்படி ஏறி வந்து நின்றார். அம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குனிந்து வெளியே வந்தாள். ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றினாள், பெரியம்மாவுக்கு முதலில்.

காயத்துக்கு ஒட்டுகிற அகலமான வெள்ளைப் பிளாஸ்திரியை அப்பா வாங்கி வந்து, உள்ளும் புறமும் நாலு அடுக்காக ஒட்டிக் கொடுத்தார். முகாமில் எல்லோரும் "உங்க டென்ட்டு எங்கட்டி விழுந்துச்சு?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். மழை வரவில்லை. நன்றாகவே தூங்கினேன்.

அதற்குப் பிறகு லீவு நாட்களில் எனக்கு மாடியில் அந்தக் கூடாரத்தைப் போட்டுத் தருவது அம்மாதான். கம்பிகளை அப்பாவைவிட வேகமாகக் கோப்பாள். பாயை வெளியே நின்றே உள்ளே தள்ளி விரிப்பாள். தலையணையை எட்டிப் போடுவாள். ஒரு தடவைகூட உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. என் பேச்சுக்கு வீட்டில் இவ்வளவு மரியாதை இருக்கிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.